இரண்டு முழங்கால்கள்: ஒரு மகளிர் கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்சியாளரின் நிகழ்வு ஆய்வு

எதற்காக இதை எழுதுகிறேன்

கொங்குப் பகுதியில் ஒரு மகளிர் கல்லூரியில் நான் உடற்கல்வி இயக்குநராக வேலை பார்க்கிறேன். இது எங்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளரையும், அவரிடம் பயின்ற ஒரு மூன்றாமாண்டு மாணவியையும் பற்றிய பதிவு. இருவரிடமும் சம்மதம் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயர்களையும், ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களையும் விட்டுவிட்டேன். முழங்கால் ஜவ்வு கிழிந்த ஒரு பெண்ணை முக்கியமான போட்டிக்கு அனுப்புவதா நிறுத்துவதா என்று நாங்கள் திணறிய கதை இது. இதேபோல் திணறும் கல்லூரிகள் நிறைய இருக்கின்றன. எங்கே தாமதித்தோம், எது சரியாக அமைந்தது, அதற்கு என்ன விலை கொடுத்தோம் என்பது அவர்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

பயிற்சியாளரின் பழைய கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அது தெரியாவிட்டால், அவர் பிறகு எடுத்த முடிவுகள் புரியாது.

பின்னணி: ஆட்டக்காரியாக

அவர் பந்தைத் தொட்டது ஒரு நகராட்சிப் பள்ளியின் சிமென்ட் தரையில். வளையத்தில் வலைகூட இருக்காதாம். உயரம் பார்த்து உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் சேர்த்துக்கொண்டார். ஏழாம் வகுப்பு முடிந்ததும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிக்குத் தேர்வானார். காலை ஐந்தரைக்கு ஓட்டம், பள்ளி, மாலை மூன்று மணி நேரம் பயிற்சி, இரவு வீட்டுப்பாடம். தினமும் முட்டையும் பாலும் கிடைத்த முதல் இடம் அந்த விடுதிதான் என்று அவர் இன்றும் சொல்வார். மாநில ஜூனியர் அணியில் ஆடினார். விளையாட்டு ஒதுக்கீட்டில் கட்டணமில்லாமல் கல்லூரியில் இடம் கிடைத்தது.

தமிழ்நாட்டில் கூடைப்பந்து ஆடும் ஒரு பெண்ணுக்குக் கண்ணுக்குத் தெரியும் பாதை ஒன்றுதான்: பள்ளி, விடுதி, கல்லூரி, மாநில அணி, அப்புறம் ரயில்வே. இந்திய அணிக்குத் தலைமை ஏற்ற அனிதா பால்துரை தெற்கு ரயில்வே வீராங்கனை. 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். கேரளத்திலிருந்து வந்து ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் அணி வரை போய் ஆடிய கீது அன்னா ஜோஸும் தெற்கு ரயில்வேதான். தொழில்முறை லீக் என்று நிலையாக எதுவும் இல்லாத இடத்தில் ரயில்வே வேலைதான் ஆட்டத்தின் பரிசு, குடும்பத்தின் கரையேற்றமும் அதுவே. நான் அறிந்த ஒவ்வொரு பெண்ணும் வீட்டில் இந்த வாக்குறுதியைக் கொடுத்துவிட்டுத்தான் ஷூ கட்டுகிறாள்.

எங்கள் பயிற்சியாளருக்கு அந்தப் பாதை கல்லூரி இரண்டாமாண்டில் அறுந்தது. வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிக்க (ரீபவுண்டு) எம்பி, வலது காலை ஊன்றி இறங்கும்போது முழங்காலில் "டப்" என்று ஒரு சத்தம். யாரும் இடிக்கவில்லை. இரவுக்குள் முழங்கால் பலாக்காய் போல வீங்கிவிட்டது. வீட்டில் கட்டுப் போடும் இடத்துக்குக் கூட்டிப்போய் முட்டைப் பத்துப் போட்டார்கள். மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது, வலி போனது, நேராக ஓடவும் முடிந்தது. அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிக்கு அணி கிளம்ப இன்னும் நான்கு நாள் இருந்தது.

அப்போது நடந்ததைப் பல வருடம் கழித்து, ஒரு பேருந்துப் பயணத்தில் என்னிடம் சொன்னார். "யாரும் என்னை ஆடச் சொல்லிக் கட்டாயப்படுத்தலக்கா. கோச் நல்ல மனுஷன். 'முடியுமா'ன்னு கேட்டார். முடியும்னு சொன்னேன். மேனேஜர் கேட்டாங்க, முடியும்னேன். அப்பா போன்ல கேட்டார், அதையேதான் சொன்னேன்." இருபது வயது, எதிரில் அணி, பின்னால் வீடு. வேறு என்ன பதில் வரும்?

முழங்கால் உறை மாட்டிக்கொண்டு மேலும் இரண்டு வருடம் ஆடினார். திரும்பும்போதெல்லாம் கால் நழுவும். பக்கவாட்டில் வெட்டி ஓடுவதை மெல்லக் கைவிட்டு, வளையத்துக்கு அருகிலேயே நின்று ஆடப் பழகினார். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலைக்கு ஆளெடுக்கும் ட்ரையல்ஸில் தற்காப்பு நகர்வு செய்யச் சொன்னார்கள். மூன்றாவது திருப்பத்தில் கால் மடங்கி விழுந்தார். அத்தோடு சரி. எம்.ஆர்.ஐ. எடுத்தபோது அவருக்கு வயது 27. முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் ஏ.சி.எல். ஜவ்வு முழுதாக அறுந்து போயிருந்தது. மூட்டுக்குள் மெத்தை போல இருக்கும் மெனிஸ்கஸ் இரண்டு பக்கமும் தேய்ந்து கிழிந்திருந்தது. இன்று மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறார்.

பயிற்சியாளராக முதல் ஆண்டுகள்

வேலை இல்லாத அந்த இடைவெளியில் பட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் பட்டயப் படிப்பை முடித்தார். எங்கள் கல்லூரிக்கு வந்தது அதன் பிறகு. நான்தான் நேர்காணலில் இருந்தேன். தொகுப்பூதியம், பதினோரு மாத ஒப்பந்தம், ஒவ்வொரு ஜூலையிலும் புதுப்பிக்க வேண்டும். நிரந்தரப் பணியிடம் கேட்டுப் பலமுறை எழுதினோம். கல்லூரிகளில் இருக்கும் பணியிடம் உடற்கல்வி இயக்குநர் என்ற ஒன்றுதான். அதற்குப் பல்கலைக்கழக மானியக் குழு விதிப்படி உடற்கல்வியில் முதுகலையில் 55 சதவீதமும், நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வில் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ வேண்டும். மாநிலத்துக்கு ஆடியது அவற்றோடு சேர்ந்தால்தான் கணக்கில் வரும், அவற்றுக்குப் பதிலாக அதுவும் பட்டியாலாப் பட்டயமும் செல்லாது. ஆட்டம் தெரிந்தவருக்குப் பணியிடம் இல்லை, பணியிடத்தில் இருக்கும் எனக்குக் கூடைப்பந்து அவர் அளவுக்குத் தெரியாது. இந்த ஏற்பாடு எனக்கு எப்போதும் உறுத்தும்.

முதல் ஆறேழு ஆண்டுகள் அவர் தான் கற்ற விதத்திலேயே கற்றுக்கொடுத்தார். விடுதிப் பயிற்சியின் கடுமை அப்படியே இருந்தது: சிமென்ட் தரையில் இருபது சுற்று ஓட்டம், கோட்டுக்குக் கோடு வேக ஓட்டம், பிறகு நேராக ஆட்டம். எப்படித் தாவுவது என்பதற்குத் தினமும் பயிற்சி உண்டு, எப்படித் தரையிறங்குவது என்பதற்கு ஒரு நாளும் கிடையாது. அணி நன்றாகவே ஆடியது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் கோப்பைகள் வந்தன, பெரியகுளத்திலும் கோவையிலும் நடக்கும் போட்டிகளுக்குப் பிள்ளைகள் பார்க்கப் போனார்கள், சிலர் ஆடவும் போனார்கள். கணுக்கால் சுளுக்கு, விரல் பிசகு எல்லாம் வந்துபோயின. யாராவது அடிபட்டு உட்கார்ந்தால் அவர் குனிந்து கேட்பார்: "முடியுமா கண்ணு?" பிள்ளைகள் எழுந்துவிடுவார்கள். தன்னிடம் கேட்கப்பட்ட அதே கேள்வியைத்தான் கேட்கிறோம் என்று அவருக்கு அப்போது படவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கும் படவில்லை.

அக்டோபரில் நடந்தது

அந்த மாணவி எங்கள் பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவள். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார், அம்மாவும் அங்கேயே நூல் சுற்றுகிறார். முந்தைய ஆண்டு மாநில சீனியர் அணியில் இடம்பிடித்துத் தேசியப் போட்டிக்குப் போய் வந்திருந்தாள். பெரும்பாலும் பெஞ்சில்தான் இருந்தாள், ஆனாலும் சான்றிதழ் கையில் இருந்தது. அடுத்த ரயில்வே ட்ரையல்ஸில் இவளுக்கு வாய்ப்பு உண்டு என்று வெளியிலிருந்தும் சொன்னார்கள்.

அக்டோபர் நடுவில் கல்லூரிகளுக்கு இடையிலான அரையிறுதி. மூன்றாவது கால் பகுதியில் வேகமாகப் பந்தைக் கொண்டுபோனவள், இடப்பக்கம் வெட்ட நின்றாள். கால் தரையில் நின்றது, உடம்பு திரும்பியது, முழங்கால் உள்ளே மடிந்தது. அருகில் ஆளே இல்லை. "ஏதோ உடைஞ்ச மாதிரி சத்தம் கேட்டுச்சு மேம்" என்றாள். இரண்டு மணி நேரத்துக்குள் முழங்கால் உருண்டையாகிவிட்டது. இறுதி ஆட்டத்தை அவள் இல்லாமலே ஜெயித்தோம். ஜெயித்த கல்லூரியின் பயிற்சியாளரைப் பல்கலைக்கழக அணிக்குப் போடுவது எங்கள் பக்கம் வழக்கம். ஆக, டிசம்பரில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான தென்மண்டலப் போட்டிக்குப் போகும் அணியின் பொறுப்பும் எங்கள் பயிற்சியாளரிடமே வந்தது.

அடுத்த பன்னிரண்டு நாட்கள்தான் இந்தப் பதிவில் நான் மிகவும் வருத்தத்தோடு எழுதும் பகுதி. ஐஸ் வைத்தோம், கிரேப் பேண்டேஜ் கட்டினோம், ஓய்வெடு என்றோம். வீக்கம் வடிந்தது. ஒன்பதாம் நாள் சாதாரணமாக நடந்தாள். பதினோராம் நாள் மைதானத்தை நேராகச் சுற்றி ஓடினாள். பல்கலைக்கழக முகாமுக்குப் பெயர்ப்பட்டியல் கேட்டார்கள். அவள் பெயரை முதலில் எழுதி நான்தான் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். முழங்காலைப் பற்றி யாரிடமும் எதையும் விசாரிக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் மாலை பயிற்சியாளர் கேட்டார், "முடியுமா?" முடியும் என்றாள். ஐந்துக்கு ஐந்து பயிற்சி ஆட்டத்தில் இறக்கினார். நான்காவது நிமிடம் ஒரு தற்காப்புத் திருப்பத்தில் கால் நழுவி விழுந்தாள்.

அவள் விழுந்த விதத்தைப் பார்த்ததும் பயிற்சியாளர் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார். அப்புறம் என்னிடம் வந்து, "அக்கா, இது என் காலு" என்று மட்டும் சொன்னார்.

கவனித்தவை

பதினைந்தாம் நாள் ஒரு பிசியோதெரபிஸ்ட் பார்த்தார். முழங்காலை லேசாக மடக்கி, அதற்குக் கீழே உள்ள கால் எலும்பை முன்னோக்கி இழுத்துப் பார்க்கும் ஒரு சோதனை இருக்கிறது. நல்ல காலில் அது ஒரு இடத்தில் டக்கென்று நின்றுவிடும். அடிபட்ட காலில் நிற்காமல் தளர்வாக வந்தது. பத்தொன்பதாம் நாள் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். ஏ.சி.எல். முழுக் கிழிசல், உள்பக்க மெனிஸ்கஸிலும் கிழிசல். மெனிஸ்கஸ் முதல் நாளே கிழிந்ததா, நாங்கள் ஆடவிட்ட பன்னிரண்டாம் நாள் கிழிந்ததா என்று மருத்துவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்தச் சந்தேகம் எங்கள் இருவரிடமும் இன்னும் இருக்கிறது.

திரும்பிப் பார்த்தால் அறிகுறிகள் எல்லாம் முதல் நாளிலேயே இருந்தன. யாரும் மோதாமல், திசை மாற்றும்போதோ இறங்கும்போதோ ஏற்பட்ட காயம், கேட்ட சத்தம், இரண்டு மணி நேரத்துக்குள் வந்த வீக்கம். மூட்டுக்குள் ரத்தம் கசிந்தால்தான் இவ்வளவு சீக்கிரம் வீங்கும், அதற்குப் பெரும்பாலும் ஜவ்வு அறுந்ததே காரணம். சாதாரணச் சுளுக்குக்கு வீக்கம் பெரும்பாலும் மறுநாள்தான் ஏறும். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால், வேறு விதமாக நிரூபிக்கப்படும்வரை அதை ஜவ்வுக் காயம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார் மருத்துவர். எங்களை ஏமாற்றியது நேர் ஓட்டம். நேராக ஓடுவதற்கு ஏ.சி.எல். அவ்வளவாகத் தேவைப்படாது. திரும்பவும், சட்டென்று நிற்கவும்தான் அது வேண்டும். கூடைப்பந்து என்பதே திரும்புவதும் நிற்பதும்தான்.

இன்னொன்றும் அப்போதுதான் சரியாகப் படித்தோம். கூடைப்பந்து, கால்பந்து போன்ற ஆட்டங்களில் இந்தக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் வருகிறது. இடுப்பின் அமைப்பு, ஹார்மோன், தொடைத் தசைகளின் பலம் என்று காரணங்கள் பல சொல்கிறார்கள். அதில் பயிற்சியால் மாற்றக்கூடியது ஒன்று: தரையிறங்கும்போது முழங்கால் உள்ளே சாய்வது. அதைத் திருத்தும் பயிற்சிகளை வாரத்தில் சில நாள், பதினைந்து இருபது நிமிடம் செய்தால் பெண்களிடம் ஏ.சி.எல். காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. பத்து வருடத்துக்கும் மேலாக ஒரு மகளிர் கல்லூரியில் இருந்துகொண்டு இது எனக்குத் தெரியாமல் இருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முன்னால் இருந்தவை இரண்டு வழிகள். முழங்கால் உறை மாட்டி டிசம்பரில் தென்மண்டலத்தில் ஆடவிட்டு, ட்ரையல்ஸும் முடிந்த பிறகு அறுவை சிகிச்சை செய்வது ஒன்று. உடனே அணியிலிருந்து விலக்கி, சிகிச்சைக்கு அனுப்புவது மற்றொன்று.

முதல் வழியைக் கேட்டவர்கள் கெட்டவர்கள் அல்ல. மாணவியே கேட்டாள். "கட்டுப் போட்டுட்டு ஆடிடறேன் மேம், ட்ரையல்ஸ் முடிஞ்சதும் ஆபரேஷன் பண்ணிக்கறேன்." நிர்வாகத்தில் ஒருவர், தென்மண்டலத்தில் முதல் நான்கு இடத்துக்குள் வந்தால்தான் அகில இந்தியப் போட்டிக்குப் போக முடியும், இந்தப் பெண் இல்லாமல் அது நடக்காது என்றார். அவர் சொன்னதும் உண்மை.

பயிற்சியாளர் முதலில் செய்தது, இந்த முடிவைத் தன்னிடமிருந்தும் மாணவியிடமிருந்தும் பிரித்து வைத்தது. "ஆட முடியுமான்னு அவகிட்ட யாரும் கேக்கக் கூடாது. நானும் கேக்க மாட்டேன். டாக்டர் எழுதித் தரட்டும்" என்றார். கால் நழுவும் நிலையில் ஒவ்வொரு திருப்பமும் மெனிஸ்கஸை மேலும் கிழிக்கலாம், அது போனால் முப்பது வயதிலேயே மூட்டுத் தேய்மானம் வரலாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை முதல்வரிடம் நான் கொண்டுபோனேன். முகாம் பட்டியலிலிருந்து பெயரை எடுத்தோம்.

இரண்டாவது வேலை, வேலைவாய்ப்பைப் பற்றிய பயத்தைத் தாளில் வைத்துப் பார்த்தது. "இந்த வருஷம் விட்டா போச்சு" என்பதுதான் அந்த வீட்டில் எல்லோரும் சொன்னது. பழைய ரயில்வே அறிவிப்பு ஒன்றை அச்சிட்டு, மூன்று பேரும் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தோம். வயது வரம்பு 18 முதல் 25. நடப்பு நிதியாண்டு, அதற்கு முந்தைய இரண்டு நிதியாண்டுகள் ஆகியவற்றின் சாதனைகள் கணக்கில் வரும். அவளுக்கு வயது 20. மாநில அணிச் சான்றிதழ் அடுத்த ஆண்டும் செல்லும். முதுகலையில் சேர்ந்தால், 25 வயது வரை பல்கலைக்கழகப் போட்டியிலும் ஆடலாம். தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு தனியாக இருக்கிறது. ஒரு வருடம் தள்ளினால் கதவு மூடிவிடாது என்பது அந்த மேசையில்தான் தெரிந்தது. அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமல் எத்தனை பெண்கள் உடைந்த காலோடு ஆடியிருப்பார்கள் என்று நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

மூன்றாவது, வீடு. பயிற்சியாளரோடு நானும் போனேன். தறிச் சத்தத்தில் பேச முடியாமல் வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்தோம். அப்பா அதிகம் பேசவில்லை. அம்மா கேட்டார்: "ஏனுங் மேடம், வயசுப் புள்ளை காலுல கத்தி வெச்சா நாளைக்கு மாப்பிள்ளை ஊட்டுல என்னன்னு கேப்பாங்க? நடந்துட்டுத்தானே இருக்கா?" அந்தத் தாய்க்கு அது நியாயமான பயம், அதை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. பயிற்சியாளர் எதையும் விளக்கவில்லை. வாசலில் நாலு படி இருந்தது. எழுந்து அதில் இறங்கிக் காட்டினார், பக்கவாட்டில், சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக. "எனக்கு முப்பத்தாறு வயசுங்க. இவ வயசுல எனக்கும் நடக்க முடிஞ்சுதுங்க" என்றார். மறுவாரம் அம்மா கையெழுத்துப் போட்டார்.

அறுவை சிகிச்சை அரசு மருத்துவமனையின் எலும்பு மூட்டுப் பிரிவில், டிசம்பர் முதல் வாரத்தில் நடந்தது. தொடையின் பின்பக்கத் தசைநாரிலிருந்து எடுத்துப் புது ஜவ்வாக வைத்துத் தைத்தார்கள். மெனிஸ்கஸைத் தைத்துக் காப்பாற்ற முடிந்தது. செலவைவிடத் தேதிக்குக் காத்திருந்ததுதான் எங்களுக்குப் பெரிய பாடு. ஆனால் அந்த நாட்களில் வீக்கம் முழுதாக வடிந்து முழங்கால் நன்றாக நீளத் தொடங்கியது, அது அறுவைக்கும் நல்லதாகப் போயிற்று.

என்ன நடந்தது

தென்மண்டலப் போட்டியில் காலிறுதியில் தோற்றோம். முதல் நான்கு இடம் கிடைக்கவில்லை. தோற்ற அன்று இரவு தங்குமிடத்தில் பிள்ளைகள் அழுதார்கள். பயிற்சியாளரும் அவர்களோடு உட்கார்ந்திருந்தார்.

அதன் விளைவு ஜூலையில் வந்தது. ஒப்பந்தம் புதுப்பிக்கும் கோப்பில், அணி ஏன் முன்னேறவில்லை என்று ஒரு கேள்வி எழுதப்பட்டிருந்தது. நான் இரண்டு பக்கத்தில் பதில் எழுதினேன், மருத்துவரின் தாளையும் இணைத்தேன். ஆணை செப்டம்பரில்தான் வந்தது. இரண்டு மாதம் அவருக்குச் சம்பளம் இல்லை, ஆனால் ஒரு நாள் காலைகூட மைதானத்துக்கு வராமல் இருக்கவில்லை. ஒரு பெண்ணின் முழங்காலைக் காப்பாற்றியதற்காக ஒருவர் இரண்டு மாதம் கடன் வாங்கிச் சாப்பிட வேண்டியிருந்தது என்பதை இந்தப் பதிவில் நான் மென்மையாக எழுதப் போவதில்லை. அது அநியாயம்.

மாணவியின் மீட்சி, சொல்ல எளிது, வாழ மிக நீளம். முதல் இரண்டு வாரம் முழங்காலை முழுதாக நீட்டவும், முன்தொடைத் தசையை இறுக்கவும் மட்டுமே. முட்டி நீளாமல் நின்றுவிட்டால் பிறகு சரிசெய்வது கடினம் என்பதால், குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்துக் கிடக்கச் சொன்னார்கள். மூன்றாம் மாதத்துக்குப் பிறகு மெது ஓட்டம். நான்கிலிருந்து ஏழாம் மாதம்வரைதான் கொடுமை. வலி இல்லை, வீக்கம் இல்லை, ஆட்டமும் இல்லை. மே மாதம் அவள் மைதானத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். போன் எடுக்கவில்லை. பயிற்சியாளர் அவளைத் தேடிப்போய், அணிக்கு ஸ்கோர் ஷீட் எழுத ஆள் இல்லை, வா என்று கூட்டிவந்தார். உண்மையிலேயே ஆள் இல்லை. மேசையில் உட்கார்ந்து ஃபவுலும் டைம்-அவுட்டும் குறித்துக் குறித்து, ஆட்டத்தை வெளியிலிருந்து படிக்கப் பழகினாள். எதிரணி எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று இடைவேளையில் அவள் சொன்னவை இரண்டு ஆட்டங்களில் எங்களுக்கு உதவின.

ஆறாம் மாத முடிவில் வந்து நின்றாள். "மேம், முடியும் மேம்." அவள் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் மறுக்க மனம் வராது. பயிற்சியாளர் அளவு நாடாவை எடுத்தார். நல்ல காலால் ஒற்றைக் காலில் தாண்டச் சொல்லி அளந்தார், பிறகு அடிபட்ட காலால். ஒரு தாண்டல், தொடர்ந்து மூன்று தாண்டல் என்று மும்மூன்று முறை. அடிபட்ட கால், நல்ல காலின் தூரத்தில் 78 சதவீதம்தான் வந்தது. 90 வேண்டும். நார்வேயில் ஏ.சி.எல். அறுவை செய்துகொண்ட 106 பேரைப் பின்தொடர்ந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது: ஒன்பது மாதம்வரை ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுகாயத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. பிசியோ அதைச் சொல்லி, தாளில் எழுதிக் கொடுத்தார். எண்ணைப் பார்த்ததும் மாணவி வாதாடவில்லை. இதை நான் முக்கியமாகக் கவனித்தேன். "வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால் கெஞ்சலாம். நாடாவிடம் கெஞ்ச முடியாது.

செப்டம்பரில் ஒன்பது மாதம் ஆனபோது 88. மேலும் ஆறு வாரம் காத்திருந்தோம். அக்டோபர் கடைசியில் இரண்டு கால்களும் ஒத்து வந்தன. அதற்குள் எங்கள் கல்லூரிப் போட்டிகள் முடிந்துவிட்டன. எம்.காம். முதலாண்டு மாணவியாக டிசம்பரில் தென்மண்டலத்துக்குப் போனாள். ஆட்டத்துக்குப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் இல்லை என்பது பேச்சு. இரண்டாவது ஆட்டத்தில் கடைசி நான்கு நிமிடம், புள்ளிகள் நெருக்கமாக இருக்க, அவளுடைய பன்னிரண்டு நிமிடம் முடிந்தது. பயிற்சியாளர் அவளை வெளியே எடுத்தார். அந்த ஆட்டத்தை ஜெயித்தோம், அடுத்ததைத் தோற்றோம்.

பிப்ரவரியில் ட்ரையல்ஸ் போனாள். எல்லாப் பயிற்சிகளையும் முடித்தாள், கால் ஒரு முறைகூட நழுவவில்லை. தேர்வாகவில்லை. அவளைவிட உயரமான, அந்த ஆண்டு அதிகம் ஆடியிருந்த வேறொரு கார்டு ஆட்டக்காரியை எடுத்தார்கள். இன்னும் நான்கு வருடம் இருக்கிறது.

மாற்றிக்கொண்டவையும் மாறாதவையும்

வார்ம்-அப்பை மாற்றினோம். இருபது சுற்று ஓட்டம் போய்விட்டது. அந்த நேரத்தில் ஒற்றைக் கால் சமநிலை, தாவி இறங்கி மூன்று எண்ணும்வரை அசையாமல் நிற்பது, முழங்கால் கால்விரலுக்கு நேரே வருகிறதா என்று ஜோடி ஜோடியாக ஒருவரையொருவர் பார்ப்பது, பின்தொடைக்கான பயிற்சி எல்லாம் செய்கிறார்கள். சீனியர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். ஸ்கோர் மேசையிலிருந்து எழுந்து வந்து அந்த மாணவியே நடத்தத் தொடங்கியதும் முணுமுணுப்பு நின்றது.

முழங்காலில் சத்தம், சீக்கிர வீக்கம், மோதலில்லாத காயம் ஆகியவற்றில் இரண்டு இருந்தாலே மூன்று நாளுக்குள் எலும்பு மூட்டு மருத்துவரிடம் காட்டுவது என்று எழுதி மைதான அறையில் ஒட்டியிருக்கிறோம். முகாம் பட்டியலில் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு பெயருக்கும் காயம் பற்றி ஒரு வரி கேட்டு எழுதுகிறேன். இதை முன்பே செய்திருந்தால் அந்தப் பன்னிரண்டாம் நாள் மாலை நடந்திருக்காது. எம்.ஆர்.ஐ. செலவுக்கு விளையாட்டு நிதியில் ஒரு சிறு தொகையை ஒதுக்கச் சொல்லிக் கேட்டோம், கொடுத்தார்கள்.

ட்ரையல்ஸ் அறிவிப்பை எல்லாப் பிள்ளைகளோடும் வருட ஆரம்பத்திலேயே உட்கார்ந்து படிக்கிறோம். காயம் வந்த பிறகு படித்தது தாமதம். எந்தச் சான்றிதழ் எந்த ஆண்டுவரை செல்லும் என்பது இப்போது முதலாண்டுப் பெண்களுக்கே தெரியும்.

மீண்டும் செய்தால் வேறு விதமாகச் செய்ய நினைப்பது இன்னொன்றும் உண்டு. நான்காம் மாதத்திலேயே அவளுக்கு ஸ்கோர் மேசை வேலையைக் கொடுத்திருக்க வேண்டும். அவளைத் தொலைத்த பிறகுதான் தேடினோம்.

மாறாதவை: தரை இன்னும் சிமென்ட்தான். வெயிலில் வெடித்த இடங்களை நாங்களே பூசிக்கொள்கிறோம். பயிற்சியாளருக்கு இன்னும் தொகுப்பூதியம்தான், அவருடைய ஒப்பந்தம் இந்த மே மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்கக் கோரும் கடிதத்தை நேற்று எழுதினேன். ஜூலைக்குக் காத்திராமல் ஜூன் முதல் தேதியிலிருந்தே ஆணை வேண்டும், ஆண்டு மதிப்பீட்டில் வெற்றி தோல்வியோடு காயங்களின் பதிவேட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். இந்தப் பதிவின் ஒரு நகலும் அந்தக் கடிதத்தோடு போகிறது.